அளவு சட்டை இருந்தால் போதும்!

'கிராஸ் பில்ட்' என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுத்த பக்கத்துக் கவிதை எங்கேயும் ஓடிப்போகாது.

நம் லேபில் ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்ற வேண்டுமென்றால் என்ன நடக்கிறது? ஒருவர் பென் டிரைவோடு ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து எழுந்திருக்கிறார். பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். நமக்கு "தொடாதே" என்ற ஒரே பாடம்!

2011-இல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, எல்காட் வழியாக வந்த மெஷின்களில் விண்டோஸும், சென்னை சிடாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. லட்சக்கணக்கில் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஆள் உட்கார்ந்தா ஏற்ற முடியும்? ஒரு ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாகச் செய்து நகல் எடுப்பதுதான் இம்மாதிரி வேலைக்கு வழி. அந்த ஃபைலுக்குப் பெயர் 'இமேஜ்'. கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, விர்ச்சுவல் மெஷின், அதற்கு இமேஜ்தான் ஹார்ட் டிஸ்க்.

"சரிப்பா, லினக்ஸ் மெஷினில் உட்கார்ந்து வேறொரு சிஸ்டத்துக்கு இமேஜ் செய்ய முடியுமா? அதோட புரோகிராம் இதுல ஓடாதே!" என்பீர்கள். ஓட வேண்டாமே! டெய்லரிடம் நேரில் போக முடியாவிட்டால் அளவு சட்டையைக் கொடுத்தனுப்புகிறோம் இல்லையா? கிராஸ் கம்பைலருக்கு அந்த அளவு சட்டைதான் 'சிஸ்ரூட்'. எந்த சிஸ்டத்துக்குச் செய்கிறோமோ அதன் ஹெட்டர்களும் லைப்ரரிகளும் அதில் இருக்கும்.

இதை ரொம்ப அழகாகச் செய்வது நெட்பிஎஸ்டி. 2002-இல் வந்த 1.6 பதிப்பிலேயே இதற்கென்று ஒரு ஸ்கிரிப்ட் வந்துவிட்டது. லினக்ஸில் அதை ஓட்டினால், முதலில் தனக்கு வேண்டிய கம்பைலர், லிங்கரைத் தானே செய்துகொள்ளும். பிறகு அவற்றை வைத்து முழு சிஸ்டத்தையும் கட்டும். ரூட் பாஸ்வேர்டுகூட வேண்டாம்! எந்த ஃபைல் யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு பட்டியலில் குறித்து வைத்து, இமேஜ் எழுதும்போது அதன்படியே பதிந்துவிடுகிறது. குடிபோகும் முன்பே பட்டா ரெடி!

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இன்னொரு மெஷின் வாங்கித் தா என்று அப்பாவிடம் வாய் திறக்க முடியாது. நம்மில் பாதிப் பேர் நிலைமை இதுதான். இல்லாத மெஷினுக்கும் இருக்கிற மெஷினிலேயே வேலை செய்யலாம் என்பதை யாராவது நமக்குச் சொன்னார்களா? அதைச் சொல்லாததால்தான், டவுனில் காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கி வைவாவில் விழிக்கிறோம்.

"இன்டர்வியூல இதெல்லாம் கேக்க மாட்டாங்கடா" என்கிறார்கள் சீனியர் அண்ணன்கள். அண்ணே, உங்க கையில இருக்கிற ஃபோனோட சாஃப்ட்வேர் ஃபோன்லயே உட்கார்ந்தா கட்டினாங்க? ரவுட்டர், டிவி, எல்லாமே வேறொரு மெஷினில் கட்டி ஏற்றியதுதான். நாளைக்கு வடபழஞ்சி ஐடி பார்க்கில் கேட்டாலும் கேட்பார்கள்!

கஷ்டம் இல்லாமல் இல்லை. பழைய லேப்டாப்பில் முதல் பில்டுக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகும். நடுவில் கரண்ட் போனால் கதை கந்தல். கட்டி முடித்ததும் போட்டுப் பார்க்காத சட்டையை 'சரி' என்றும் சொல்லிவிடக் கூடாது. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட 'க்யூஎமு' இருக்கிறது. அதில் இமேஜை பூட் செய்து பார்த்துவிடலாம். பிராசஸர் வேறாக இருந்தால் ஆமை வேகம்தான், ஆனாலும் ஓடும்.

மாணவர் சங்கத்துக்கு ஒன்று. கேன்டீன் வடை பற்றிய மனுவில் இதையும் ஒரு வரி சேருங்கள்: லேபில் ஒரே ஒரு மெஷின், சாயங்காலம் பூட்டாமல், காலை வரை ஓட அனுமதி.