இரும்பு உத்தரமும் குடியானவர் பட்டறையும்

கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்குக் கிணறு எவ்வளவு அவசியமோ, அக்கிணற்று யந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் கொட்டகையும் இக்காலத்தில் அவ்வளவு அவசியமாகிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்நாட்டின் வெள்ளாமை பெரும்பாலும் நிலத்தடி நீரை நம்பியே நடைபெறுகிறது. முற்காலத்தில் கவலை பூட்டி எருதுகளால் இறைத்தனர். 1932-ஆம் வருஷம் பைக்காராவில் நீர்மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கிய பின்னர், நாளடைவில் கிணறுதோறும் மோட்டார் பம்பு வந்து சேர்ந்தது. அவற்றை வார்த்துக் கடையும் பட்டறைகளும் கோயமுத்தூரிலேயே பெருகின. ஆகவே யந்திரத்தைத் தாமே பிரித்துப் பழுது பார்க்கும் குடியானவரை இங்கு ஊர்தோறும் காணலாம். இது நமக்குப் பெருமையே. ஆயினும் அப்பெருமையோடு ஓர் அஜாக்கிரதையும் கூடவே வளர்ந்திருக்கிறது. அதைப்பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

கொட்டகையின் இரு சுவர்களுக்கும் குறுக்கே ஓர் இரும்பு உத்தரம் போட்டு, அதில் சங்கிலிக் கப்பியை மாட்டி மோட்டாரையும் டிராக்டர் எஞ்சினையும் தூக்குகிறோம். கிணற்று வாயின் குறுக்கே இரண்டு உத்தரங்களையோ பழைய தண்டவாளங்களையோ போட்டு, அவற்றின்மேல் பம்பைப் பூட்டுகிறோம். இவற்றில் குற்றமில்லை. எதையேனும் மாட்ட வேண்டுமென்றால், கைக்கு எட்டிய இடத்தில் துளை போடுவதும், கிடைத்த வளையத்தைப் பற்றவைப்பதுமே குற்றமாகும்.

உத்தரம் பாரம் தாங்கும் விதத்தை அறிந்தால் இக்குற்றம் விளங்கும். நடுவில் பாரம் தொங்கும்போது உத்தரம் சிறிது வளைகிறது. மேற்பட்டை அமுங்குகிறது, கீழ்ப்பட்டை இழுபடுகிறது. இழுப்பு மிக அதிகமாயிருக்கும் இடம் நீளத்தின் நடுவிலுள்ள கீழ்ப்பட்டையே. நாம் கொக்கிக்காகத் துளை போடுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். பலம் மிகுதியாக வேண்டிய இடத்தில் இரும்பைக் குறைப்பது எவ்வகையிலும் விவேகமன்று. துளை தவிர்க்க முடியாததாயின், இரு பட்டைகளுக்கும் இடையில் நிற்கும் செங்குத்துத் தகட்டின் நடு உயரத்தில் துரப்பணத்தால் போடுக. காஸ் நெருப்பால் ஒருபோதும் வெட்டற்க.

நீளத்தையும் கவனித்தல் வேண்டும். ஒரே பாரத்தை 3 மீட்டர் உத்தரத்தின் நடுவிலும், அதே கனமுள்ள 6 மீட்டர் உத்தரத்தின் நடுவிலும் தொங்கவிட்டால், இரண்டாவதில் வளைக்கும் விசை இரு மடங்காகும். தொய்வோ எட்டு மடங்காகும். அண்டை வீட்டார் உத்தரம் தாங்கியது நம்முடையதும் தாங்கும் என்பது பிழையான கணக்கு.

தண்டவாளத்தைப்பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அது தேய்மானத்தைத் தாங்கும்பொருட்டுக் கரி அதிகமாகச் சேர்த்துச் செய்யப்பட்ட உருக்கு. சாதாரண முறையில் அதில் பற்றவைத்தால், பற்றவைத்த இடத்தை அடுத்த பாகம் கண்ணாடியைப்போல் நொறுங்கும் தன்மையை அடைகிறது. வெளியே கெட்டியாகத் தோன்றினும் உள்ளே கீறல் விழுந்திருக்கக்கூடும். எனவே தண்டவாளத்தில் பற்றவைப்பதை அடியோடு விட்டுவிடுவதே நலம்.

அப்படியாயின் எவ்வாறு மாட்டுவது? உத்தரத்தின் மேலே ஒரு தடித்த தகடும் கீழே ஒரு தகடும் வைத்து, நான்கு மூலைகளிலும் போல்ட்டுகளால் இறுக்கினால் துளையின்றியே பம்பின் பீடம் அசையாது நிற்கும். கப்பிக்கு, கீழ்ப்பட்டையின் இரு ஓரங்களையும் சமமாகப் பற்றும் கிளாம்ப் கடைகளில் கிடைக்கிறது. நம் நாட்டுச் சாதாரண உத்தரங்களின் பட்டை உட்புறத்தில் சிறிது சாய்வாயிருக்கும். அங்கே போல்ட்டு பூட்டினால் அச்சாய்வுக்கேற்ற வாஷர் போடுக. ஓடும் யந்திரத்தின் அதிர்ச்சியால் நட்டுகள் தளருமாதலால் இரட்டை நட்டு இட்டு, மாதந்தோறும் இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

கயிற்றை உத்தரத்துக் கப்பியில் ஓட்டி, மறுமுனையை டிராக்டரில் கட்டி இழுக்கும் வழக்கமும் உண்டு. கவலை இறைத்த பழக்கத்தின் மிச்சம் இது. கயிறு நேர்கீழாக இழுக்கப்பட்டால் உத்தரத்தின்மேல் விழும் விசை தூக்கும் பாரத்தைப்போல் இரு மடங்கு. கிடையாக இழுக்கப்பட்டால் பாரத்தின் அளவே பக்கவாட்டிலும் இழுக்கும். இவ்வகை உத்தரம் பக்கவாட்டு இழுப்புக்கு மிகவும் பலவீனமானது. அது முறுக்கிக்கொண்டு புரளும். மேலும், சேற்றில் சிக்கிய பம்பை இழுக்கும்போது பாரம் பம்பின் எடையளவில் நிற்பதில்லை. நாம் இழுக்கும் அளவுக்கெல்லாம் ஏறும். அச்சமயம் கிணற்றுக்குள் ஆள் நிற்பாராயின் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. தொங்கும் பாரத்தின் கீழ் எவரும் நில்லாதிருப்பதே முதல் விதி.

உத்தரத்தின் நுனிகள் மண் சுவரின்மேலோ பொள்ளல் கல்லின்மேலோ நேராக அமரலாகாது. கருங்கல்லோ காங்கிரீட்டோ பீடமாக வேண்டும். மோட்டாரின் காப்பு கெட்டால் உத்தரம் முழுவதிலும் மின்சாரம் பாயுமாதலால், மோட்டாருக்கும் உத்தரத்துக்கும் தரைக்கம்பி கட்டாயம் இணைத்திருக்க வேண்டும்.

“இருபது வருஷமாக எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் தொங்குகிறது, ஒன்றும் ஆகவில்லையே” என்று சிலர் கூறுவர். கீறல் ஒவ்வொரு தூக்கிலும் சிறிது சிறிதாக வளர்வது. முறியும் நாள்வரை அது சத்தமிடுவதில்லை. இருபது வருஷம் தாங்கியது இருபத்தோராம் வருஷத்துக்கு ஜாமீன் ஆகாது. அன்றியும், அடியில் நிற்பவர் பெரும்பாலும் தோட்டத்துக்காரர் அல்லர், கூலிக்கு வந்தவர். கிளாம்புக்கு ஆகும் செலவைத் தோட்டத்துக்காரர் மிச்சப்படுத்த, அபாயத்தை அவர் ஏற்பது நியாயமாகாது.

ஒவ்வொருவரும் தனித்தனியே நல்ல சாமான் வாங்க இயலாதென்பது உண்மையே. வேளாண்மைப் பொறியியல் துறையினர் டிராக்டரையும் மண்வெட்டும் யந்திரத்தையும் வாடகைக்கு விடுவதுபோல், அந்தந்த ஊர்க் கூட்டுறவு சங்கமும் தாங்கும் எடை பொறித்த ஒரு சங்கிலிக் கப்பியையும், முக்காலி ஒன்றையும், சில கிளாம்புகளையும் வைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் கிராம உத்தியோகஸ்தர்கள் இதை எடுத்துரைத்து, ஊர்க் கொல்லரையும் பற்றவைப்பவரையும் அழைத்து விளக்கினால் பெரும்பயன் உண்டாகும்.

நிலத்தை உழுமுன் ஈரம் பார்க்கும் நாம், பாரத்தைத் தூக்குமுன் உத்தரத்தைப் பார்க்கக் கூடாதா? அடுத்த பம்பு பழுதாகும்வரை காத்திராமல், இம்மாதமே ஏணி வைத்து ஏறித் தத்தம் உத்தரத்தைச் சோதிக்குமாறு குடியானவர்களை வேண்டிக்கொள்கிறோம்.