கேரளாவைத் திட்டாதீர்கள், எப்படி வெல்வதென்று சொல்லுங்கள்

சென்னையின் எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆட்டம் வருகிறதென்றால் மண்ணூர்பேட்டையில் ஒரு வாரம் முன்பே பேச்சு கிளம்பிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஊர் இது. லேத் பட்டறையும் பிரஸ் ஷாப்பும் தெருவுக்குத் தெரு உண்டு. வேலை தேடி வந்து, இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த மலையாளிக் குடும்பங்களும் நிறைய. எதிரணி ரசிகரைப் பார்க்க நாங்கள் கொச்சிக்குப் போக வேண்டியதில்லை. அவர் பக்கத்து மெஷினில் நிற்கிறார். மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

இந்தப் பேச்சு இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, அடுத்த ஊர்க்காரரை மட்டம் தட்டுவது. "எங்களிடம் இரண்டு கோப்பை, உங்களிடம் என்ன?" என்று இவர்கள் கேட்க, "உங்கள் ஸ்டேடியத்திலேயே பாதி எங்கள் மஞ்சள்தானே" என்று அவர்கள் சொல்ல, கடைசியில் அது மொழிக்கும் சாதிக்கும் தண்ணீர்ச் சண்டைக்கும் போய் நிற்கும். இன்னொன்று, நாளைக்கு எப்படி ஆடினால் ஜெயிக்கலாம் என்று வாதாடுவது. முதல் பேச்சு வளர்கிறது. இரண்டாவது தேய்கிறது. அந்த இரண்டாவது பேச்சைக் காப்பாற்றியாக வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் டர்னராக இருக்கும் சேட்டன் மலப்புரத்துக்காரர். செவன்ஸ் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரண்டிஸாக வந்த பையன் கொரட்டூர். பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாப்பாட்டு நேரத்தில் மூவரும் பெஞ்சுக்கு வந்துவிடுவோம். வேஸ்ட் துணியால் ஆயிலைத் துடைத்துவிட்டு, சாக்பீஸால் நடுக்கோடும் இரண்டு பெட்டியும் போடுவான் பையன். பதினொரு பித்தளை வாஷர் கேரளா. நிறமும் பொருந்திவிடும். பதினொரு ஸ்டீல் நட்டு சென்னை. பந்துக்கு ஒரு பேரிங் உருண்டை.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நம் பின்வரிசையை எவ்வளவு தூரம் மேலே ஏற்றி நிறுத்துவது?

"அண்ணே, நடுக்கோடு வரைக்கும் ஏத்திடணும். கீப்பர் கால்ல பந்து இருக்கும்போதே நம்ம ஆளு மூணு பேர் போய் நெருக்கணும்" என்பான் பையன், நட்டுகளை முன்னே தள்ளியபடி.

சேட்டன் பேசமாட்டார். ஒரு வாஷரை மட்டும் எடுத்து, பையன் காலியாக விட்ட இடத்தில் வைப்பார். ஏறி நின்ற இரண்டு ஸ்டாப்பர்களுக்குப் பின்னால், கோலுக்கு முன்னால், முழங்கை நீளத்துக்கு வெறும் பெஞ்சு. "இங்கே ஓடி வர்றவனை யார் பிடிக்கும் தம்பி?"

"ஆஃப்சைடு வைக்கலாம் சேட்டா."

"ஒரு தடவை தப்பினாலும் கோல். அது மட்டுமில்ல, இருபது நிமிஷம் இப்படி நெருக்கலாம். சென்னை வேர்வைக்கு அப்புறம் யார் ஓடும்?"

அப்போது நான் நட்டுகளைப் பின்னால் இழுப்பேன். இழுத்ததும் நடுவில் நிற்கும் வாஷர்களுக்கு இடம் கிடைத்துவிடும். தலையைத் தூக்கி, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்து பாஸ் போட நேரம் கிடைக்கும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். கால்பந்துத் தந்திரம் என்பது சுருக்கமாக இவ்வளவுதான்: எந்த இடத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கத் துணிகிறோம் என்பது. இதைப் பேசப் புத்தகப் படிப்பு வேண்டாம். ஆனால் ஒன்று கட்டாயம் வேண்டும். எதிரணியில் யார் வேகமானவர், யார் தலையால் அடிப்பவர், யாருக்கு எந்தக் கால் வலுவானது என்று தெரிந்திருக்க வேண்டும். கேரளாவை வெல்ல வழி சொல்கிறவர் முதலில் கேரளாவின் பலத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும். பகையைப் பண்போடு வைத்திருப்பது இந்த ஒப்புக்கொள்ளல்தான். வேறு எந்த அறிவுரையும் அந்த வேலையைச் செய்யாது.

எங்கள் பெஞ்சில் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-லேயே இரு அணிகளும் அரையிறுதியில் மோதின. கொச்சியில் கேரளா 3-0 என்று வென்றது. டிசம்பர் 16 அன்று சென்னையில் மறு ஆட்டம். மார்கோ மட்டராசி பயிற்சியளித்த சென்னை அணி 90 நிமிடத்துக்குள் மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது கோல் கடைசி நேரத்தில் ஜெஜே அடித்தது. கூடுதல் நேரம் போனது. 117-ஆவது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டார். மொத்தக் கணக்கு 4-3. கேரளா இறுதிக்குப் போனது.

அந்த மூன்றாவது கோலுக்குப் பிறகு சென்னை என்ன செய்திருக்க வேண்டும்? ஓய்ந்துபோன கால்களோடு பின்னால் உட்கார்ந்து பெனால்டி ஷூட்அவுட்டுக்குக் காத்திருப்பதா? அரங்கமே எழுந்து கத்தும்போது, அந்த வேகத்தில் நான்காவதையும் அடித்து முடிப்பதா? நான் முதல் கட்சி, பையன் இரண்டாவது கட்சி. சேட்டன் சொல்வது வேறு: "மூணு கோல் வாங்கின பிறகும் எங்க பசங்க தலை தொங்கல. நீங்க உங்களைப் பத்தியே பேசுறீங்க. அதையும் பேசணும்." அவர் சொல்வது சரி. தோற்ற ஆட்டத்தில் எதிராளி செய்த நல்லதைப் பேசாமல் அந்தத் தோல்வி நமக்கு விளங்காது.

அடுத்து 2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். லீக் பட்டியலில் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம். சென்னை 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். அவர்கள் மண், அவர்கள் கூட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல் அடித்துவிட்டார். ஜான் கிரிகரி பயிற்சியளித்த சென்னை அணி இதைத் திருப்பியது கார்னர் கிக்கில். கிரிகரி நெல்சன் தூக்கிப் போட்ட கார்னர்களில் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் அடித்தார். மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ போட, 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. பந்தை அதிக நேரம் வைத்திருக்கும் அணியை, பந்து நின்றிருக்கும் நேரத்தில் வெல்லலாம் என்ற பாடத்தை அன்று பார்த்தோம். அன்றிலிருந்து சேட்டன் எந்தச் சென்னை அணியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "கார்னர் யார் எடுக்கும்?" அந்த ஆட்டத்தில் நடுக்களத்தில் நின்றவர்களில் ஒருவர் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோலும் அடித்தவர். நம் தெருப் பேச்சிலிருந்து வெகுதூரம் போய்விட்ட ஆட்டம் இல்லை இது.

மூன்றாவது சாட்சி 2020 பிப்ரவரி 1. கொச்சியில் சென்னை 6-3 என்று வென்ற நாள். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் சென்னை கோல் அடிக்கவே திணறியது. டிசம்பரில் ஓவன் காயல் பயிற்சியாளராக வந்து, அணியை முன்னோக்கி ஓடவிட்டார். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே என்று ஆளுக்கு இரண்டு கோல். எதிர்ப்பக்கம் ஓக்பெச்சே தனியாளாக மூன்று. தாக்கி ஆடினால் வாங்கவும் வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை. பையன் தன் கட்சிக்கு இந்த ஆட்டத்தைத்தான் இழுப்பான். "அதே ஆறு கோல் அணிதானே இறுதியில் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றது?" என்று நான் கேட்பேன். வாதம் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று: "தந்திரமெல்லாம் பயிற்சியாளர் பாடு. ரசிகன் பேசி என்ன ஆகப்போகிறது?" முடிவு பயிற்சியாளருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஆட்டம் தெரிந்தால் அரங்கம் மாறும். பின்னால் இருக்கும் கீப்பருக்கு ஒரு பையன் பந்தைத் திருப்பிக் கொடுத்தால், தெரியாத கூட்டம் கூச்சல் போடும். ஏன் கொடுத்தான் என்று தெரிந்த கூட்டம் பொறுமையாக இருக்கும். இருபது வயது ஆட்டக்காரருக்கு அந்தப் பொறுமைதான் துணிச்சல். கோல் அடித்தவருக்கு மட்டும் கைதட்டாமல், முப்பது கெஜம் ஓடி வந்து ஓட்டையை அடைத்த பேக்குக்கும் கைதட்டும் ஊரில் நல்ல பேக்குகள் பிறப்பார்கள்.

இரண்டாவது மறுப்பு: "பகை இல்லாவிட்டால் ஆட்டத்தில் ருசி ஏது?" பகை வேண்டும், அதை நானும் கேட்கிறேன். ஆனால் கட்டுப்பாடில்லாத பகை எங்கே கொண்டு விடும் என்பதை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது கேலரியில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. வங்காளத்தில் இன்றும் அந்த நாளைக் கால்பந்து ரசிகர் நாளாக நினைவுகூர்கிறார்கள்.

அதே கொல்கத்தா இன்னொன்றையும் காட்டியது. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. அதற்கு முன் எட்டு மோதல்களில் மோகன் பகானை வெல்ல முடியாமல் தவித்திருந்த ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் சுழற்றி எதிர்க் கோடிக்கு அனுப்பினார். எங்கள் பெஞ்சில் அந்தக் கோலை வாஷரும் நட்டும் வைத்துத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தோம். தடுத்தவர் எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும், உள்ளே வழி விட்டாரா, வெளியே விரட்டியிருக்கலாமா? சேட்டனும் பையனும் ஒரே கட்சியில் நின்று என்னோடு வாதாடிய நாள் அது. ருசி குறையவில்லை, கூடியது.

பேச ஆட்டமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. 2025 ஜூலையில், உரிம ஒப்பந்தம் முடிவதில் எழுந்த சிக்கலால் ஐ.எஸ்.எல். பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. உட்பட அணிகள் தடுமாறின. ஆட்டக்காரர்களின் பிழைப்பே கேள்வியானது. அந்த மாதங்களில் பட்டறையில் கால்பந்து பேச்சு வந்தாலே வழக்கும் டெண்டரும்தான். ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு வாரமும் எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. கிடைத்த வாரத்தை வசவில் கழிக்கலாமா?

அதனால் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும்: கிரிக்கெட்டுக்குப் பிட்ச் எப்படி, டாஸ் வென்றால் என்ன என்று எழுதுகிறீர்கள். பெரிய கால்பந்து ஆட்டத்துக்கு முந்தைய நாள் கால் பக்கம் கொடுங்கள். இரண்டு அணிகளும் எப்படி நிற்கும், மோதல் எந்த இடத்தில், கார்னரை யார் எடுப்பார் என்று ஒரு படம் போட்டு எழுதுங்கள். பெண்கள் ஆட்டத்துக்கும் அதே கால் பக்கம் வேண்டும். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தேசியப் பட்டம் கொண்டுவந்தது நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. அவர்கள் எப்படி ஆடி வென்றார்கள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமா?

கிளப்புக்கு: நேரு ஸ்டேடியத்தில் மாலை 7.30-க்கு ஆட்டம் என்றால் செகண்ட் ஷிஃப்ட் தொழிலாளி வர முடியாது. அவரை நீங்கள் தேடி வாருங்கள். பருவத்தில் ஒரு மாலை அம்பத்தூரில், ஒரு மாலை ஆவடியில், ஒரு மாலை வியாசர்பாடியில், உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பலகையோடு உட்கார்ந்து தமிழில் பேசட்டும். தோற்ற ஆட்டத்தைப் பற்றியும் பேசட்டும். வருகிற பிள்ளைகளில் நாளைய ஆட்டக்காரர் மட்டுமில்லை, நாளைய பயிற்சியாளரும் இருப்பார்.

ரசிகர்களுக்கு: நீலம் உடுத்துங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் வாய் திறக்கும்போது ஒரு விதி வைத்துக்கொள்வோம். எதிரணியின் பலம் ஒன்றைச் சொன்ன பிறகே அதை முறிக்கும் வழியைச் சொல்ல வேண்டும். பலத்தைச் சொல்லத் தெரியாதவருக்கு வாதத்தில் இடமில்லை. எங்கள் பெஞ்சில் இந்த விதி இருக்கிறது. சேட்டனுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். இதனால் யாருடைய பற்றும் குறைந்ததில்லை. அடுத்த ஆட்டத்தில் கேரளா தோற்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். நன்றாக ஆடும் கேரளாவைச் சென்னை அதைவிட நன்றாக ஆடி வீழ்த்த வேண்டும். அந்த வெற்றியைத்தான் மறுநாள் காலை சேட்டன் முகத்தைப் பார்த்து என்னால் கொண்டாட முடியும்.