பட்டி பூசிய பொய்

அம்பாசிடரைப் பற்றி எழுத வருபவர்கள் அநேகமாகத் தாத்தாவின் மடியில் அமர்ந்து போன பயணத்திலிருந்தே தொடங்குகிறார்கள். 2014இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்ற பிறகு இந்த நெகிழ்ச்சி கூடிவிட்டது. இருக்கட்டும். தாத்தாவின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாங்கள் பார்த்தோம். சென்னையின் கடற்காற்றில் பல்லாண்டுகள் நின்ற மார்க் 2 அது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிப்பகுதி வெளியே பளபளத்தது. காந்தத்தை வைத்தோம், ஒட்டவில்லை. திருப்புளியால் குத்தியதும் விரல் தடிமனுக்குப் பட்டி உதிர்ந்தது. அதன் பின்னே கசங்கிய செய்தித்தாள். அதன் பின்னே ஒன்றுமில்லை. டிங்கரிங் என்று இதற்குத்தான் ஒரு பட்டறையில் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இதை வெறும் அழகுக்குறை என்பவர்களிடம் நமக்குச் சண்டை உண்டு. அம்பாசிடருக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டைப் போலவே, தகர உடல்தான் பாரத்தையும் தாங்குகிறது. அந்தப் பெட்டிப்பகுதி போனால் வண்டியின் முதுகெலும்பில் பாதி போயிற்று. பட்டி எதையும் தாங்காது. ஈரத்தை வேண்டுமானால் உறிஞ்சும். உள்ளே துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்டுப் பருத்து, அடுத்த மழைக்காலத்தில் கொப்புளமாக வெளிவரும். துருநீக்கித் திரவம் பூசினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். பாஸ்பாரிக் அமிலம் மேல்துருவை அடக்கும். அரித்துப்போன தகரத்தைத் திருப்பித் தராது.

செல்லரித்த ஏட்டில் விடுபட்ட அடிகளைத் தாமே எழுதி நிரப்பி, மூலம் என்று அச்சிட்ட பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. தகரத்தில் மட்டும் ஏன் மன்னிக்கிறோம்?

'வீட்டு வேலைக்கு இது போதும்' என்ற சமாதானம்தான் ஆக மோசமானது. பட்டறைக்கு இல்லாத ஒன்று வீட்டில் செய்பவரிடம் இருக்கிறது: அவகாசம். துருப்பிடித்த இடத்தை நல்ல தகரம் பளிச்சிடும்வரை வெட்டி எடுக்கலாம். அட்டையில் அளவெடுத்து, அதே தடிமனில் புதுத் துண்டை வளைக்கலாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டுப் பற்றவைக்கலாம். ஒரே இழுப்பில் ஓட்டினால் மெல்லிய தகரம் நெளிந்துவிடும். (பேட்டரி இணைப்பைக் கழற்றாமலும், பெட்ரோல் டாங்கை வெகுதூரம் அகற்றாமலும் தீப்பொறி எழுப்புகிறவர்களோடு விவாதிக்க ஒன்றுமில்லை.) பிறகு ப்ரைமர். பெட்டிக்குள்ளே மெழுகு. அடைபட்ட வடிகால் துளைகளைத் திறந்துவிட வேண்டும், துரு தொடங்கியதே அங்கேதான். எல்லாம் முடிந்தபின் உப்புத்தாளுக்கு முன்னால் மெல்லிய ஒரு பூச்சுப் பட்டி பூசினால் யார் தடுப்பார்கள்?

வெல்டிங் கைவராதவர் துண்டுகளைத் தயார் செய்துகொண்டு, பற்றவைக்க மட்டும் தேர்ந்த கைவினைஞரை அழைக்கலாம். பெட்டிப்பகுதிக்கு அப்படி அழைப்பதே சரி. எங்களுக்கு வந்தவர் முதல் நாள் எதையும் பற்றவைக்கவில்லை. நாங்கள் வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் இரண்டு அங்குலம் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.