காசு ஒட்டினால் கார் கவிழாதா?

"வளைவுல கவிழுதா? அடியில ரெண்டு காசை ஒட்டு மாப்ள, சரியாயிடும்." எங்கள் விடுதியில் மினி-இசட் கார் வைத்திருக்கும் ஆளுக்கு ஆள் ஓதுகிற மந்திரம் இது. இப்போது இன்னொரு கூத்து. துறை விழாப் பந்தயத்தில் எல்லா வண்டியிலும் கைரோ கட்டாயம் என்று விதி போடலாமாம். மெக்கானிக்கல் படிக்கிற கூட்டம் யோசிக்கிற யோசனையா இது? இரண்டையும் எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு: மினி-இசட் என்பது ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த 1:28 அளவு ரிமோட் கார். சின்ன பென்சில் பேட்டரி நான்கில் ஓடும்.

முதலில் காசு. வளைவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்ப்பது பக்கவாட்டு விசை. கவிழாமல் பிடித்து வைப்பது எடை. இரண்டிலுமே நிறை இருப்பதால் சமன்பாட்டில் அது அடிபட்டுப் போகிறது. மிச்சம் நிற்பது இரண்டே அளவுகள்: இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலத்தில் பாதி, அதை வகுக்கும் ஈர்ப்பு மையத்தின் உயரம். அகலம் 60 மி.மீ., உயரம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 30-ஐ 20-ஆல் வகுத்தால் 1.5. டயரின் பிடிப்பு இந்த 1.5-ஐத் தாண்டினால் வண்டி வழுக்குவதற்கு முன் கவிழும், தாண்டாவிட்டால் வழுக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம். வராந்தாவின் தூசி படிந்த மொசைக் தரையில் சமர்த்தாக வழுக்குகிற அதே வண்டி, ஃபோம் பாய் போட்ட டிராக்கில் குட்டிக்கரணம் அடிப்பது இதனால்தான். வண்டி லேசாக இருப்பது காரணமே இல்லை.

"அடியில் ஒட்டினால் மையம் கீழே இறங்குமே" என்பீர்கள். இறங்கும், மறுக்கவில்லை. 160 கிராம் வண்டியில், தரையிலிருந்து 5 மி.மீ. உயரத்தில், 5 கிராம் காசு மூன்றை ஒட்டிப் பாருங்கள். மையம் 20-லிருந்து சுமார் 18.7 மி.மீ. ஆகும். விகிதம் 1.6. சரி, ஒன்றும் ஒட்டாமல் பக்கத்துக்கு 2 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிற ரிம் மாட்டினால்? அகலம் 64, 32-ஐ 20-ஆல் வகுத்தால் அதே 1.6! காசு ஒட்டியவனுக்கு வண்டி பத்தில் ஒரு பங்கு கூடுதல் கனம். நேர்பாதையில் அவனுக்கு இழுவை குறையும், பிரேக் பிடித்தாலும் சீக்கிரம் நிற்காது. ரிம் மாற்றியவனுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

மேலே மாட்டுகிற பாடியை யாரும் கண்டுகொள்வதே இல்லை என்பது தனி சோகம். அலமாரியில் வைக்கத் தோதான, பளபளக்கிற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாடியைக் கழற்றிவிட்டு மெல்லிய லெக்சான் பாடி போட்டாலே மையம் இறங்கும், எடையும் குறையும். அழகு போய்விடுமாம் :-) அடியில் காசு தொங்குவது மட்டும் அழகா?

அடுத்து கைரோ. அது அளப்பது வண்டி செங்குத்து அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மட்டும்தான். பின்பக்கம் வீசிக்கொண்டு போனால் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கும். கவிழ்வது பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது; டயருக்கு ஒரு துளி பிடிப்பைக்கூட அது சேர்ப்பதில்லை. பின்பக்கம் ஏன் வீசுகிறது என்ற கேள்வியை மூடி மறைக்கத்தான் அது பயன்படுகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ரப்பரில் இருக்கிறது. 20, 30, 40 டிகிரி என்று கடினத்தன்மை போட்டு விற்கிறார்கள். எண் கூடக் கூட ரப்பர் கெட்டி. முன்னால் கெட்டி, பின்னால் மென்மை என்று போட்டால் பாதி வீச்சு அடங்கும். மீதிக்கு டி-பிளேட் இருக்கிறது. மோட்டார் பகுதியையும் சேஸியையும் இணைக்கிற அந்தத் தகடுதான் பின்பக்கத்துக்கு ஸ்பிரிங். வளைந்து கொடுக்கிற தகடு போட்டால் பின்பிடிப்பு கூடும். அப்புறமும் கவிழ்ந்தால், முன் டயரின் வெளி ஓரத்தில் ஃபெவிக்விக் மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். வண்டி சாயும்போது அந்த ஓரம் தரையைக் கவ்வாமல் வழுக்கும். பத்து ரூபாய்கூட ஆகாத வேலை. கைரோவுக்கு ஜூனியர் பையன் மெஸ் பில் பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர், "மணிக்கு 20 கி.மீ., அதாவது நிஜக் காரில் 560 கி.மீ.!" என்கிற விளம்பரக் கணக்கு. 28-ஆல் பெருக்கினால் போதுமா? 1870-களிலேயே கப்பல் மாதிரிகளை வைத்து வில்லியம் ஃப்ரூட் காட்டிய வழிப்படி வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால்தான் பெருக்க வேண்டும். 28-க்கு அது 5.3. ஆக சுமார் 106 கி.மீ. சரி, அதே 20 கி.மீ. வேகத்தில் அரை மீட்டர் ஆரமுள்ள வளைவில் நுழைந்தால் புவியீர்ப்பைப்போல் ஆறு மடங்கு பக்கவாட்டு முடுக்கம் வேண்டும். எந்த ரப்பரும் தராது. பிடிப்பு 1 என்றால் அந்த வளைவுக்கு மணிக்கு 8 கி.மீ.தான் கணக்கு. வளைவுக்கு முன்னால் விசையிலிருந்து விரலை எடுக்காதவனின் வண்டி கைரோ இருந்தாலும் சுவரில்தான் போய் நிற்கும்.

ஆகவே விழாக் குழு அண்ணன்களே, கட்டாயம் என்று ஏதாவது போட்டே ஆகவேண்டுமானால், எல்லோருக்கும் ஒரே டிகிரி ரப்பர் என்று போடுங்கள். கைரோ கிடையாது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: பின்சக்கர டிரிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். வழுக்குவதே உங்கள் ஆட்டம் என்பதால் அங்கே கைரோ தேவைதான்.