சிவப்புக் கோட்டுக்கு யார் பொறுப்பு?

பினாங்குப் பாலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வீட்டுக்குச் சம்மன் வரும். காருக்கு ஒன்றும் ஆகாது. சிறு விமானத்தின் வேகமானியில் இருக்கும் சிவப்புக் கோட்டையும் பலர் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அது அபராதக் கோடு அல்ல. அதற்கு அப்பால் இறக்கை இறக்கையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

2024 பிப்ரவரி 13 அன்று சுபாங்கிலிருந்து கிளம்பிய இரண்டு இருக்கை இலகுரக விமானம் சில நிமிடங்களில் காப்பாரில் செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்து, அதில் இருந்த இருவரும் இறந்தனர். அந்த விபத்தை அலசுவது இக்கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் அன்று முதல் சிறு விமானம் என்று பேச்செடுத்தாலே இங்கே எழும் கேள்வி ஒன்றுதான்: "நடுவானில் எஞ்சின் நின்றுவிட்டால்?" என் பார்வையில் இது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. எஞ்சின் நின்றாலும் விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கும், வயலோ கடற்கரையோ தேட விமானிக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். முதலில் கேட்க வேண்டியது இறக்கையைப் பற்றி: இறக்கை போனால் அந்த நிமிடங்கள் கிடையாது.

மலாக்காவில் தயாரிக்கப்பட்ட ஈகிள் 150 போன்ற ஆலைத் தயாரிப்புகள் சான்றிதழ் பெற்றவை. அவ்வகை விமானத்தின் சட்டகம் சாதாரணப் பிரிவில் தன் எடையைப் போல் 3.8 மடங்குச் சுமையை நிரந்தரமாக வளையாமல் தாங்க வேண்டும். அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 5.7 வரை முறியக் கூடாது. சோதனை விமானிகள் சிவப்புக் கோட்டையும் தாண்டிப் பாய்ந்து பார்க்கிறார்கள். அப்படிக் காட்டிய வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கோடு போட முடியாது. வீட்டுக் கொட்டகையில் கிட் வாங்கிக் கட்டும் விமானத்திலும் அதே சிவப்புக் கோடு இருக்கும். ஆனால் அது வடிவமைப்பாளர் தன் முன்மாதிரியில் நிரூபித்த எண். உங்கள் நண்பர் ரிவெட் அடித்த விமானத்தில் அதை யாரும் நிரூபித்திருக்க மாட்டார்கள்.

"நான் ஸ்பாரை இரட்டிப்பு கனத்தில் போட்டிருக்கிறேன்" என்று இறக்கையின் முதன்மை விட்டத்தைப் பற்றிப் பெருமைப்படும் கட்டுநர்கள் உண்டு. அவர்கள் குழப்பிக்கொள்வது இங்கேதான். முறியாமல் தாங்குவது ஒன்று, முறுக்கிக்கொள்ளாமல் நிற்பது வேறொன்று. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்றே இறக்கைக்கும் அதன் பின்புறம் அசையும் தகடான ஏலரானுக்கும் அதிர்வை ஊட்டத் தொடங்கும். ஒவ்வோர் அசைவும் அடுத்ததைப் பெரிதாக்கும். ஃபிளட்டர் எனப்படும் இது, விமானி நிலைமையைப் புரிந்துகொள்ளும் முன்பே, நொடிக் கணக்கில் உலோகத்தைக் கிழித்துவிடும். ஏலரான் கீலில் கொஞ்சம் தளர்வு, அதன் பின்விளிம்பில் கூடுதலாக ஒரு பூச்சுப் பெயின்ட், கட்டுப்பாட்டுக் கம்பி தொய்ந்திருப்பது: இவற்றில் ஏதாவது ஒன்றே அந்த வேகத்தைச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இழுத்துவிடக் கூடும். அழகுக்காக மறுபடி பெயின்ட் அடித்துவிட்டு ஏலரானின் சமநிலையைச் சரிபார்க்காமல் விடுவது எனக்கு ஸ்பாரைப் பாதி அறுத்துவிடுவதுபோல் படுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. சோடியாக் சிஎச்-601எக்ஸ்எல் கிட்டாகவும் ஆலைத் தயாரிப்பாகவும் விற்ற, பலர் விரும்பி வாங்கிய இரண்டு இருக்கை விமானம். 2006 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆறு சோடியாக்குகள் வானிலேயே சிதறி, பத்துப் பேர் இறந்தனர். 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஃபிளட்டர்மேல் சந்தேகத்தைத் தெரிவித்து, இவ்வகை விமானங்களைத் தரையிறக்கி வைக்கும்படி கேட்டது. பிறகு வந்த திருத்தத்தில் இறக்கையையும் வலுப்படுத்தினார்கள், ஏலரானுக்குச் சமன் எடையும் சேர்த்தார்கள். இரண்டும் தேவைப்பட்டதைக் கவனியுங்கள்.

நம் ஊர் வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. வேகமானி காட்டுவது காற்றின் அழுத்தத்தைத்தான். ஃபிளட்டரோ பெரும்பாலும் உண்மையான வேகத்தைப் பொறுத்தது. பாயான் லெப்பாஸில் 32 டிகிரி வெயிலில் ஓடுபாதையில் நிற்கும் விமானமே, காற்றின் அடர்த்திக் கணக்கில் 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குப் போக 10,000 அடிக்கு ஏறினால், முள் 100 நாட் காட்டும்போது உண்மை வேகம் 116-ஐத் தாண்டியிருக்கும். கோட்டுக்கு இன்னும் இடம் இருப்பதுபோல் தோன்றுவது கண்ணை ஏமாற்றும். கிட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட எஞ்சினைவிடப் பெரியதைப் பொருத்தியவர், லேசாக மூக்கைத் தாழ்த்தினாலே கோட்டைத் தொட்டுவிடலாம்.

மத்தியான மேகத்துக்குள் குலுங்கும்போது இன்னொரு கணக்கும் வேண்டும். 45 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் (அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும்), 3.8 மடங்கு தாங்கும் விமானத்தை 88 நாட் வேகத்துக்குக் கீழே வைத்திருந்தால், சுமை எல்லை மீறும் முன் ஸ்டால் ஆகிவிடும். தனியாளாகப் பறந்து எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த எல்லை சுமார் 78-க்கு இறங்கும். எடை குறைந்தால் இன்னும் வேகமாகப் போகலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

கட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கையால் விமானம் கட்டுவது மதிக்கத்தக்க வேலை. அமெரிக்காவில் இப்படிக் கட்டியவர் பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் பயணி இல்லாமல் பறந்து சோதிக்க வேண்டும். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், சுயமாகக் கட்டிய ஒவ்வொரு விமானத்தின் சிவப்புக் கோட்டுக்கும் அந்த விமானத்திலேயே எடுத்த ஆதாரத்தைக் கேட்க வேண்டும். நண்பர் ஒருவர் "வா, லங்காவி வரை போய் வரலாம்" என்று கூப்பிட்டால், நீங்களும் ஏறுமுன் இரண்டு தாள்களைக் கேளுங்கள்: சோதனைப் பறப்புப் பதிவு, கடைசியாக ஏலரான் சமநிலை பார்த்த தேதி. அவர் சங்கடப்பட்டால், கோலப் பெர்லிஸ் போய்ப் படகு ஏறுங்கள்.