சும்மா இருக்கிறாளா, வாசிக்கிறாளா?

எமது வீடுகளில் புத்தகத்தோடு சேர்ந்து வரும் வினைச்சொற்கள் மூன்று: ஓதுதல், படித்தல், வாசித்தல். குர்ஆனை ஓதுகிறோம். பாடத்தைப் படிக்கிறோம். கதையையும் கவிதையையும் பத்திரிகையையும் வாசிக்கிறோம். மூன்றும் எழுத்தைப் பார்த்துச் செய்யும் காரியங்கள்தாம். ஆனால் மூன்றுக்கும் வீட்டில் ஒரே மரியாதை கிடைப்பதில்லை.

ஒரு பிள்ளை ஓதிக்கொண்டிருந்தால் தொலைக்காட்சியின் சத்தம் தானாகக் குறையும். அவளை யாரும் இடையில் கூப்பிடமாட்டார்கள். அவள் படித்துக்கொண்டிருந்தால் மேசைக்கே தேநீர் வரும். பக்கத்தில் விளையாடும் தம்பிக்கு ஏச்சு விழும். அதே பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தோடு ஜன்னலோரம் சாய்ந்திருந்தால், "சும்மாதானே இருக்கிறாய், வந்து இந்தத் தேங்காயைத் துருவித் தா" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

தேங்காய் துருவுவதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. வீட்டு வேலையில் எல்லோருக்கும் பங்கு உண்டு. எனது வழக்கு அந்தச் "சும்மா" என்ற ஒரு சொல்லோடுதான். வாசிக்கும் பெண் பிள்ளை சும்மா இருக்கிறாள் என்று வீடு நினைக்கும்வரை, அந்த வீட்டில் வாசிப்புப் பழக்கம் வேர்விடாது. கைத்தொலைபேசியைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாலும் வேர்விடாது.

இன்று வாசிப்பைப் பற்றிப் பேசும் எல்லோரும் தொலைபேசியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. புத்தகத்துக்குப் பக்கம் உண்டு, அத்தியாயம் உண்டு, முடிவு உண்டு. "இந்த அத்தியாயத்தோடு போதும்" என்று மூடி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் அப்படி ஓர் இடமே இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். இந்த முடிவில்லாத் திரையை 2006 இல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். பிற்காலத்தில் அவரே அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆகவே, "ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வைப்பேன்" என்று தொடங்கும் ஒரு மாணவி ஒரு மணித்தியாலம் கழித்துத் தலை நிமிர்ந்தால், அதற்கு அவளுடைய மனவுறுதிக் குறைவு மட்டும் காரணமல்ல. நிறுத்த முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது.

என்றாலும் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைபேசி வந்த பின்னும் எமது வீடுகளில் ஓதுதல் நின்றுவிடவில்லை. படித்தலும் நிற்கவில்லை; 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமே வட்ஸ்அப் வழியாக வந்து சேர்ந்தது. மூன்றில் வாசித்தல் மட்டும் ஏன் இத்தனை இலகுவாகத் தோற்றுப்போனது? ஓதுவதற்கு ஒரு நேரமும் இடமும் இருந்தன. படிப்பதற்கும் இருந்தன. வாசிப்புக்கு மட்டும் எமது நாளில் எந்த இடமும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. மற்ற எல்லாம் முடிந்து மிஞ்சும் நேரத்தில்தான் அது நடந்தது. தொலைபேசி அந்த மிச்ச நேரத்தை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

எமது கல்லூரி நூலகத்தில் உதவி மாணவியாக இருப்பதால் இரவல் பதிவேட்டைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. தரம் ஆறிலும் ஏழிலும் இருக்கும் தங்கைமாரின் பெயர்கள் அதில் நெருக்கமாக இருக்கும். இடைவேளை மணி அடித்ததும் ஓடி வருவார்கள். தரம் ஒன்பதுக்குப் பிறகு அந்தப் பெயர்கள் குறைகின்றன. தரம் பத்திலும் பதினொன்றிலும் அவர்கள் மீண்டும் வருகிறார்கள்; ஆனால் அப்போது தேடுவது கடந்தகால வினாத்தாள்களை. எல்லோரும் ஒரே நாளில் வாசிப்பை வெறுத்துவிட்டார்களா? இல்லை. "ஓ லெவல் முடியட்டும், பிறகு வாசிக்கலாம்" என்று வீட்டில் சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு "ஏ லெவல் முடியட்டும்" என்று சொல்லப்படும். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம், வேலை, திருமணம், பிள்ளைகள் என்று வாழ்க்கை ஓடும். "பிறகு" என்ற அந்த நாள் பெரும்பாலான பெண்களுக்கு வருவதே இல்லை. பரீட்சை முடிந்த அன்று வாசிப்புப் பழக்கம் வானத்திலிருந்து இறங்கி வருவதும் இல்லை. ஆறாம் தரத்தில் இருந்த பழக்கத்தை அணையவிடாமல் காத்தவளுக்குத்தான் அது இருபது வயதிலும் நாற்பது வயதிலும் துணைக்கு வரும்.

அப்படியானால் எப்படிக் காப்பது? இதற்கு நாம் தூரத்தில் தேட வேண்டியதில்லை. ஒரு வாசிப்புப் பழக்கத்தை எப்படி உண்டாக்குவது என்பதை எமது சமூகம் ஆண்டுதோறும் ரமழானில் செய்து காட்டுகிறது. பரவலாகப் பாவனையில் உள்ள மதீனா முஸ்ஹபில் ஒரு ஜுஸ்உ ஏறக்குறைய 20 பக்கம். ஐவேளைத் தொழுகை ஒவ்வொன்றோடும் நான்கு பக்கம் ஓதினால் நாளுக்கு ஒரு ஜுஸ்உ நிறைவுறும். முப்பது நாளில் முழுக் குர்ஆனும் நிறைவுறும். 600 பக்கங்களையும் ஒன்றாகப் பார்த்து மலைக்கும் பிள்ளை கூட நான்கு பக்கத்தைப் பார்த்து மலைப்பதில்லை. குர்ஆனின் இடத்தில் வேறு நூலை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் இடம் அதற்கே உரியது. அந்த முறையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதில் நான்கு விடயங்கள் இருக்கின்றன: சிறிய அளவு, ஏற்கெனவே உறுதியாக இருக்கும் ஒரு காரியத்தோடு சேர்ந்த நேரம், மாறாத இடம், கூடவே ஓதும் குடும்பம். செய்யும் காரியம் சிறிதாயினும் அது தொடர்ச்சியாக இருப்பதே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற கருத்திலான நபிமொழியை நாம் எல்லோரும் மத்ரஸாவில் கற்றிருக்கிறோம். அதை வாசிப்பிலும் செயற்படுத்திப் பார்க்கலாம்.

முதலில் அளவு. நாளுக்குப் பத்துப் பக்கம் போதும். சாதாரண கதைப் புத்தகமாயின் கால் மணி நேரமோ இருபது நிமிடமோதான் ஆகும். ஆண்டுக்கு 3,650 பக்கம். 200 பக்கப் புத்தகங்களாகக் கணக்கிட்டால் பதினெட்டு நூல்கள். தரம் ஆறில் தொடங்கும் ஒரு மாணவி உயர்தரம் முடித்து வெளியேறும்போது நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை வாசித்திருப்பாள். இதற்காக ஒரு பாடத்தையும் அவள் விட்டிருக்க மாட்டாள்.

அடுத்தது நேரமும் இடமும். "நேரம் கிடைக்கும்போது வாசிப்பேன்" என்ற தீர்மானம் ஒரு கிழமைகூடத் தாங்காது. மஃரிபுக்குப் பின் ஓதி முடித்ததும் பத்துப் பக்கம், அல்லது இஷாவுக்குப் பின் படுக்கைக்குப் போகுமுன் பத்துப் பக்கம் என்று ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கைக்கெட்டும் தூரத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாலும் மனம் அதன்மீதே இருக்கும்.

மூன்றாவது, பலன். பலன் தெரியாத பழக்கம் நிலைக்காது. அந்தப் பலனைப் புள்ளிகளில் தேடுவது தவறு. வாசித்தால் தமிழில் நல்ல பெறுபேறு கிடைக்கும், கட்டுரை நன்றாக வரும் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்காகவே வாசிக்கச் சொன்னால் வாசிப்பும் இன்னொரு பாடமாகிவிடும். நான் கண்ட வழி எளியது. ஒரு நூலை முப்பது பக்கம்வரை பொறுத்துப் பார்க்கிறேன். பிடிக்கவில்லையானால் கூச்சமின்றித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பிடித்த நூலாயின் முடித்த அன்று ஒரு கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதி, அந்த நூலைப் பற்றி எனக்குத் தோன்றிய ஒரே ஒரு வசனத்தையும் எழுதுகிறேன். பின்னர் யாராவது ஒருவரிடம் அந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்வதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைவே அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கிறது.

கதை வாசிப்பது கல்விக்கு எதிரானது என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். இலங்கை முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசும்போது கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பையை மறக்க முடியாது. 1882 இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையை ஆரம்பித்தவர் அவர். பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வி தேவையா என்று பலர் கேட்ட காலத்தில் அவர்களுக்கெனப் பாடசாலை அமைக்கப் பாடுபட்டவரும் அவரே. இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகக் கருதப்படும் "அசன்பே சரித்திரம்" என்ற நூலை 1885 இல் எழுதியவரும் அவர்தான். எமது கல்விக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒருவர் ஒரு கதையை எழுதுவதற்கு நேரம் ஒதுக்கினார். அதை வாசிக்க நாம் நேரம் ஒதுக்கினால் அது வீண் காரியமாகுமா?

எமக்கு நெருக்கமான நூல்களும் நிறைய இருக்கின்றன. ஓட்டமாவடியின் எஸ்.எல்.எம். ஹனீபாவின் சிறுகதைகளில் எமது மக்களின் பேச்சையே கேட்கலாம். சாய்ந்தமருதுவின் அனார், குருநாகல் மாவட்டத்தின் ஃபஹீமா ஜஹான் போன்றோரின் கவிதைகளில் எம்மைப் போன்ற பெண்களின் குரல் இருக்கிறது. பிறருடைய வாழ்வை வாசிப்பது எவ்வளவு அவசியமோ, எமது வாழ்வும் எழுதத் தகுந்தது என்று அறிவதும் அவ்வளவு அவசியம்.

புத்தகத்தின் விலை இன்று கூடிவிட்டது என்பது உண்மை. ஆனால் பாடசாலை நூலகம் இருக்கிறது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை நூலகங்கள் இருக்கின்றன. 2005 முதல் இயங்கிவரும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இலவசமாக வாசிக்கத் தருகிறது. வாசிப்பைப் பறித்த அதே தொலைபேசிக்குள் இப்படியொரு நூலகமும் இருக்கிறது. அதற்காகத் திரையைத் திறந்தவள் வேறு எங்கும் வழுவிப் போகாமல் இருக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோரின் இன்னொரு அச்சமும் எனக்கு விளங்குகிறது. "பிள்ளை என்ன புத்தகத்தை வாசிக்கிறாளோ, அது பொருத்தமானதோ" என்ற அச்சம். அது நியாயமானது. அதற்கு மருந்து புத்தகத்தை வாங்கி ஒளித்து வைப்பதல்ல. உம்மாவும் அதை வாசித்துப் பார்க்கலாம். "இந்தப் பாத்திரம் செய்தது சரியா?" என்று மகளிடம் கேட்கலாம். தனியே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, தான் வாசித்ததை உம்மாவிடம் பேசும் பிள்ளை பாதுகாப்பானவள். உம்மாவுக்கு உட்கார்ந்து வாசிக்க நேரமில்லையா? மகள் குசினி வாசலில் அமர்ந்து உரத்து வாசிக்கட்டும். உம்மா வெங்காயம் உரித்தபடி கேட்கட்டும். கண் மங்கிய உம்மம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது எமது முன்னோருக்குப் புதியதல்ல. சீறாப்புராணத்தைக் கூட்டமாக இருந்து படித்துப் பொருள் கேட்டவர்கள் அவர்கள். மறுநாள் மகள் தேங்காய் துருவ, உம்மா இரண்டு பக்கம் வாசித்துக் காட்டலாம்.

வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் "வாசி" என்று சொல்லிவிட்டு நீங்கள் தொலைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தால், அவள் உங்கள் சொல்லைக் கேட்பதைவிட உங்கள் விரலைத்தான் கவனிப்பாள். இரவில் இருபது நிமிடம் பத்திரிகையோடோ புத்தகத்தோடோ அவளுக்குப் பக்கத்தில் அமருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பாடசாலைகளில் போட்டிகள் நடக்கின்றன, கண்காட்சிகள் நடக்கின்றன. அவை நல்லவையே. ஆனால் நவம்பர் முதலாம் திகதி வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் பழக்கம் தங்கியிருக்கிறது. முதல் வஹியின் முதல் சொல்லே வாசிப்பைக் குறித்தது என்பதில் பெருமை கொள்ளும் சமூகம் நாம். அந்தப் பெருமைக்கு ஏற்ப, அடுத்த முறை வீட்டில் ஒரு பெண் பிள்ளை புத்தகத்தோடு அமர்ந்திருப்பதைக் காணும்போது, அவளைக் கூப்பிடுமுன் "எத்தனை பக்கம் இருக்கிறது மகள்?" என்று மட்டும் கேளுங்கள். முடித்துவிட்டு அவளே எழுந்து வருவாள்.