பின் சீட்டில் இருந்த பையன்

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்தில் 1966-ம் வருட ஹோண்டா பைக் ஒன்றைப் பாதுகாத்து வருகிறார்கள். மாடல் சி.பி.77. செல்லப் பெயர் சூப்பர் ஹாக். பந்தயம் எதிலும் ஜெயித்த வண்டி அல்ல அது. ஓர் அப்பாவும் 11 வயது மகனும் 1968-ல் மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை போன வண்டி.

அப்பாவின் பெயர் ராபர்ட் பிர்சிக். மகன் கிறிஸ். அந்தப் பயணத்தை வைத்து பிர்சிக் எழுதியதுதான் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்'. 121 முறை நிராகரிக்கப்பட்டு, 1974-ல் வெளியாகி, லட்சக்கணக்கில் விற்றது.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. 305 சி.சி., இரட்டை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர்கள். 28 குதிரைத்திறன். சிலிண்டரின் விட்டம் 60 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மி.மீ.தான். அதனால் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும். அதாவது, நொடிக்கு 150! அந்தக் காலத்திலேயே பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிவிடும்.

இவ்வளவு வேகமாகச் சுற்றும் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் உச்சியில், சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. ஆயில் அதுவரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் எஞ்சின் 'சீஸ்' ஆகிவிடும். புத்தகத்தில் அதுதான் நடக்கிறது. வண்டியை ஒர்க் ஷாப்பில் விடுகிறார். ரேடியோ அலறுகிறது, மெக்கானிக்குகள் அரட்டை அடித்தபடி வேலை பார்க்கிறார்கள். ஒருவர் சுத்தியலால் அடித்து எஞ்சினின் கூலிங் தகடுகளையே உடைத்துவிடுகிறார். வண்டி திரும்பத் திரும்ப நின்றுபோகிறது. கடைசியில் காரணத்தைக் கண்டுபிடிப்பது பிர்சிக்தான். ஆயில் போகும் வழியில், 25 சென்ட் விலையுள்ள ஒரு சின்ன பின் முறிந்திருக்கிறது.

அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை, அக்கறைதான் இல்லை என்கிறார். அன்றிலிருந்து தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறார். மலை ஏற ஏற காற்று மெலிந்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிவதைக்கூட கவனித்துச் சரிசெய்கிறார்.

ஆனால், பின் சீட்டில் ஒரு பையன் இருக்கிறானே! வயிறு வலிக்கிறது என்கிறான், அழுகிறான், கோபித்துக்கொள்கிறான். எஞ்சினின் சின்ன முனகலையும் கேட்கிற அப்பாவுக்கு, அது என்னவென்று பிடிபடவே இல்லை. பயணம் முடியும் நேரத்தில்தான் தெரிகிறது, வழி நெடுக அவன் பார்த்தது அப்பாவின் முதுகை மட்டும்தான் என்று. கலிஃபோர்னியாவில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, அப்பாவின் தோளுக்கு மேலாக முதல்முறையாகச் சாலையைப் பார்க்கிறான். அவன் கேட்கும் கேள்விகளுக்கு அப்பாவும் அப்போதுதான் மனம் திறந்து பதில் சொல்கிறார்.

கிறிஸ் 1979-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழிப்பறிக்காரர்களால் கொல்லப்பட்டார். 23 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. பிர்சிக் 2017-ல் காலமானார். பைக்கை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் அவருடைய மனைவி.

வண்டிச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நாளை பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும்போது, அங்கேயும் கொஞ்சம் காது கொடுங்கள்.